பூஜையில் வைத்த துப்பாக்கிப் படங்கள்

நான் துப்பாக்கியைக் கையால் தொட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஆனால் அதற்கு முன்னால் சில வருஷங்களாகத் துப்பாக்கிதான் எனக்குச் சோறு போட்டது. சொன்னால் நம்ப மாட்டார்கள். யாங்கோனில், தாகேதாவில், கால்வாயை ஒட்டிய சந்தில், தகரக் கூரைக்குக் கீழே, வெங்காயம் நறுக்கிய கை வாசனையோடு உட்கார்ந்து, ரஷ்யாக்காரன் எந்தக் காலத்திலோ செய்த ராணுவத் துப்பாக்கிகளை நான் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அதைப் படிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

கப்பல் கம்பெனி ஒன்றில் சரக்குச் சீட்டு எழுதுகிற வேலையில் இருந்தவள் நான். ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு இப்படி ஆனதும் முதலாளி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் தொங்கிய தன் கோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அப்புறம் ஆன்லைனில் தேடிப் பிடித்த வேலை இது. கடல் கடந்த ஊர் ஒன்றில் ஒரு வியாபாரி. பழைய துப்பாக்கிகளை வாங்கி, அவற்றைச் சேகரிக்கிறவர்களுக்கு விற்பார். அவர் படங்களை அனுப்புவார். படத்தில் தெரிகிற முத்திரைகளைப் பார்த்து, இது எங்கே செய்தது, எந்தக் காலத்தில் செய்தது, எந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் தப்புத் தப்பாக எழுதுவேன். அந்த ஆள் வாயில் வந்தபடி திட்டுவார். வாங்கிய திட்டிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழல் ஆரம்பிக்கிற இடத்தில், மேல்பக்கம், ஒரு முத்திரை இருக்கும். நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் ஒரு தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இன்னொரு தொழிற்சாலை. அதன் கீழே வருஷம், பிறகு எண். அதே எண் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டிலும் இருக்க வேண்டும், குண்டுப் பெட்டியின் அடித்தகட்டிலும் இருக்க வேண்டும், தோளில் முட்டுக்கொடுக்கிற பின்பக்கத் தகட்டிலும் இருக்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் சேகரிக்கிறவனுக்குத் தலைகால் புரியாது. பெரும்பாலும் ஒத்துப்போகாது. சண்டை முடிந்த பிறகு கிடங்குகளில் எல்லாவற்றையும் கழற்றிக் குவித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, எது கைக்கு வந்ததோ அதை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். மாட்டியபின் பழைய எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் புது எண். அப்படிக் கிடங்குக்குப் போய் வந்த துப்பாக்கிக்கு அடையாளமாக ஒரு சின்னப் பெட்டி முத்திரை, அதன் நடுவே ஒரு சாய்கோடு. துப்பாக்கியைச் சுமந்தவன் யார் என்று மட்டும் எங்கேயும் இருக்காது. கட்டைக்கும் இரும்புக்கும் எண் போட்டார்கள், அவனுக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. "மீ போச்சு" என்று சந்தே ஒருசேர முனகும்; மீ என்றால் பர்மா பாஷையில் நெருப்பும் அதுதான், கரண்டும் அதுதான். லேப்டாப்பை நம்பினால் பட்டினிதான். அதனால் கரண்டு இருக்கிற சமயத்தில் படங்களைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். முத்திரைகளின் படம் நிறைய. முழுத் துப்பாக்கியின் படம் கொஞ்சம். எல்லாம் ஒரு கட்டாக அலமாரிக்கு மேலே கிடக்கும். இந்த ஊரில் இந்த நாளில் வீட்டில் அப்படி ஒரு கட்டை வைத்திருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் நானும் அம்மாவும்தான். என் தம்பி நகரத்துக்கு வெளியே மாவ்பியில் ஒரு கோழிப் பண்ணையில் இருந்தான். இருந்தான் என்றால் ஒளிந்திருந்தான். வார்டு வார்டாகச் சீட்டுக் குலுக்கி ஆண்பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்புகிற காலம் வந்ததும், அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லி வார்டு ஆபீஸில் இருக்கிற குடும்பக் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம். முப்பது வயசு ஆள், நன்றாகப் படித்தவன், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு, பண்ணைக்குள்ளேயே தூங்கி, வெளியே தலைகாட்டாமல் கிடந்தான். போனில் பேசும்போதெல்லாம், "அக்கா, இந்தக் கோழிங்கள்ல எது எப்ப போகும்னு எனக்குத் தெரியும், என்னைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்குத்தான் சிரிப்பு வராது.

சரஸ்வதி பூஜைக்கு அவன் வந்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடித்த பிடியில் நின்றாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "வருஷத்துல ஒரு நாள் என் புள்ள என் கையால சாப்பிடக் கூடாதா? உனக்கென்னடி, பெத்திருந்தா தெரியும்" என்றாள். கல்யாணம் ஆகாதவளிடம் அம்மா வைத்திருக்கிற கடைசி ஆயுதம் அது. அதை எடுத்தாள் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். அவனும் காய்கறி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து சேர்ந்தான்.

அப்பா இருந்தவரை பூஜையில் அவருடைய ஸ்பேனர்கள்தான் முன்வரிசை. ரயில்வே யார்டில் ஃபிட்டராக இருந்தவர். அவர் போன பிறகு எது சோறு போடுகிறதோ அதை வைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். லேப்டாப்பைத் துடைத்து வைத்தேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "இது வெறும் பெட்டி. உன் வேலை எங்கே?" என்று கேட்டுவிட்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் அலமாரிக்கு மேலே இருந்த படக்கட்டை இறக்கிப் பூஜைப் பலகையில் வைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே எது அழகாக இருந்ததோ அதை வைத்தாள். முழுத் துப்பாக்கி. செவேலென்று தேன்நிறக் கட்டை, நீட்டுக் குழல். அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்துக்கு மேலே குங்குமம், இரண்டு பக்கமும் செவ்வந்தி. முன்னால் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்ததும் அதைத்தான் பார்த்தேன்.

"அம்மா, இதை எடு."

"விளக்கு ஏத்தியாச்சு. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்."

தம்பி சிரித்தான். "விடுக்கா, சரஸ்வதியே வீணையை வெச்சிட்டு இதைத் தூக்கிட்டான்னு நினைச்சுக்கலாம்" என்றான். மூன்று பேரும் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பிக்கு ரசம் ஊற்றும்போது பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். மூன்று வீடு தள்ளி இருக்கிற நம் ஆள்தான், அம்மாவோடு கோவிலுக்கு வருகிறவள். அவளுடைய மகனுக்கு அந்த மாசம்தான் சீட்டு விழுந்திருந்தது. பத்து நாளில் அனுப்ப வேண்டும். அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தவள் எங்களுக்குச் சேதி சொல்ல ஓடி வந்திருந்தாள்.

"மதினி, லூஜி வீடு வீடா வர்றான். விருந்தாளி யாரு தங்கியிருக்காங்கன்னு பார்க்கிறான். தம்பியை அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

லூஜி என்றால் பெரிய மனுஷன். வார்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற ஆள். பெரிய மனுஷத்தனம் பெயரில் மட்டும்தான். வீட்டில் தங்குகிற விருந்தாளியை அவனிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; கொடுக்கவில்லை என்றால் அவனுக்குக் காபி மிக்ஸ் பாக்கெட் நாலைந்து கொடுத்தால் போய்விடுவான். அந்தப் பயம் எனக்கில்லை. தம்பி இலையை விட்டு எழுந்தான். "நான் கால்வாய்ப் பக்கம் போயிடறேன். முதல்ல அந்தப் படத்தை எடுங்க" என்றான்.

நான் பலகைக்குப் பக்கத்தில் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தொடாதே. கலைச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஊரில் ஒருத்தருக்கும் அடங்காதவள் நான். கப்பல் கம்பெனியில் மேனேஜரை வாடா போடா என்று பேசியவள். அம்மாவைத் தள்ளிவிட்டு அந்தப் படக்கட்டை உருவி அடுப்பில் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தம்பியும் அங்கேதான் நின்றான், அவனும் கை வைக்கவில்லை. பூஜையில் வைத்த பொருளை அது முடியாமல் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பால்குடி வயசிலிருந்து ஊட்டிய விஷயம். மூன்று பேரும் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றோம். அதற்குள் முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பின்வாசலிலும் ஓர் ஆள் வந்து நின்றுவிட்டான்.

லூஜி உள்ளே வந்தான். தம்பியைப் பார்த்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பலகையைப் பார்த்தான். பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். இது சாமி இடம் என்று அவனுக்கும் தெரியும். கிட்டே போய்க் குனிந்து, குங்குமத்தைப் பார்த்து, எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன?" என்று பர்மா பாஷையில் கேட்டான்.

"என் வேலை" என்றேன்.

"துப்பாக்கிக்குப் பூஜை போடறதா வேலை? ரத்தம் வேற தடவியிருக்கீங்க."

"அது குங்குமம். உன் பொண்டாட்டி உதட்டுல பூசிக்கிறாளே, அந்த மாதிரி ஒரு சிவப்பு."

அந்த வாயை நான் அடக்கியிருக்கலாம். அடக்கியிருந்தாலும் விட்டிருக்க மாட்டான், அது வேறு விஷயம். கணக்கில் இல்லாத ஓர் ஆண்பிள்ளை, அவன் எதிரே துப்பாக்கிப் படம், அதற்குப் பூவும் பொட்டும். ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடக் காட்டுக்குப் போகிறவனுக்கு வழியனுப்புப் பூஜை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தம்பியைக் கையைப் பின்னால் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வாயில் இன்னும் சோறு இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மென்றுகொண்டே போனான்.

மறுநாள் காலை அம்மா மறுபூஜை போட்டாள். ஆமாம், போட்டாள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள். அது முடிந்துதான் லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். "உன் பூஜை முடிஞ்சுதா? இப்ப போய் அவனைத் தேடட்டுமா?" என்று கேட்டேன்.  பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பினேன்.

தம்பியை விசாரணைக்கு வைத்திருந்த அந்தக் கட்டடத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். வாசலில் மரம் இருக்கிறது, மரத்தடியில் என்னைப் போல நிறையப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். உள்ளே ஓர் அதிகாரி. நம் லூஜி அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி என்னைக் "கலாமா" என்று கூப்பிட்டார். இந்தியக்காரியைக் கேவலமாகக் கூப்பிடுகிற பெயர் அது. நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறோம், அந்தப் பெயர் மட்டும் சாகவில்லை. லேப்டாப்பைத் திறந்து, வியாபாரியின் கடிதங்களையும் நான் எழுதிய விவரங்களையும் காட்டினேன். இது தொழில், வேறொன்றும் இல்லை, என் தம்பிக்கு நட்சத்திரம் எது முக்கோணம் எது என்றுகூடத் தெரியாது என்றேன்.

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. கோபம் போய் ஆசை வந்தது. பொம்மைக் கடைக்குள் விட்ட குழந்தையைப் போல ஆகிவிட்டார். ஒரு படத்தில் நின்று, இது எப்படி, அது எப்படி என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சொன்னேன். திடீரென்று எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"இது எனக்கு ஒருத்தர் பரிசாக் கொடுத்தது. ரஷ்யாக்காரனுடைய குறிபார்த்துச் சுடற துப்பாக்கி. சண்டையில நின்னது. சொல்லு, நீ சொல்றது உண்மைன்னா இதைப் படி."

அங்கே இருந்த மற்ற ஆட்களும் சுற்றி வந்து நின்றார்கள். நான் முதல்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். இத்தனை கனமாக இருக்கும் என்று எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சாதாரணத் துப்பாக்கி. பெட்டிக்குள் சாய்கோடு போட்ட கிடங்கு முத்திரையை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள், பாதிதான் போயிருந்தது. போல்ட்டில் இருந்த எண் முத்திரை அடித்ததே இல்லை, ஊசியால் கீறியது. குறிபார்க்கும் கண்ணாடியை மாட்டுகிற துளைகள் இடது பக்கத்தில் இருந்தன. சுற்றிலும் கறுத்த இரும்பு. துளைக்குள் மட்டும் பளபள என்று வெள்ளை. போன வருஷம் போட்ட துளையாக இருக்கலாம். எவனோ இந்த மனுஷன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருந்தான். வியாபாரியின் படத்தில் இது வந்திருந்தால் இரண்டே வரியில் கிழித்துப் போட்டிருப்பேன். அந்த இரண்டு வரியும் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. அத்தனை பேருக்கு நடுவில், அந்தக் கலாமாவுக்குப் பதிலடியாக.

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். அது தம்பியின் இருமல். சின்ன வயசிலிருந்து கேட்ட இருமல்.

"அசல்" என்றேன். "எண்கள் எல்லாம் ஒண்ணு. சண்டை நடந்த காலத்துல செஞ்சது. இந்த மாதிரி ஒண்ணு கையில கிடைக்க ஜனங்க வருஷக்கணக்கா அலையறாங்க. இதை வெச்சிருந்தவன் கெட்டிக்காரன். இப்ப வெச்சிருக்கிறவரும் அப்படித்தான் இருக்கணும்."

கடைசி வரியை நான் ஏன் சேர்த்தேன் என்றால், முகஸ்துதிக்கு மயங்காத ஆம்பளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா?" என்றார். எனக்கு நாற்காலி வந்தது. கிளாஸில் பால் டீ வந்தது. கலாமா போய் "சயாமா" வந்தது, அதாவது டீச்சரம்மா. ஒரு பொய்க்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். குடித்தேன், டீ நன்றாகவே இருந்தது.

அவர் லூஜி எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "உன் தம்பி மேல கேஸ் போட மாட்டேன். போட்டா சிறைதான், எப்ப வெளிய வருவான்னு யாருக்கும் தெரியாது. நீ நல்ல பொம்பள. நல்ல வீட்டுப் புள்ளையை நான் கெடுக்க மாட்டேன்" என்றார்.

நான் எழுந்து அவரைக் கும்பிட்டேன். நன்றாகக் குனிந்து கும்பிட்டேன். தம்பிக்கு இன்று ராத்திரி என்ன சமைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் லூஜி பக்கம் திரும்பினார். "இந்த மாசம் உன் வார்டுல போக வேண்டிய ஆள் யாரு?"

லூஜி அந்த மூன்று வீடு தள்ளி இருக்கிறவளின் மகனைச் சொன்னான். "காச நோய் வந்து தேறின பையன், சயா. அனுப்பினாலும் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"அப்ப அவனை விடு. இவன் நல்ல திடமா இருக்கான். இவன் மேல கேஸும் இல்லை. இவனை அனுப்பு." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தோஷத்தோடு சிரித்தார். "துப்பாக்கி தெரிஞ்ச குடும்பம். உன் தம்பி நல்லா சுடுவான், சயாமா."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கெஞ்சியிருப்பேன். அந்தத் துப்பாக்கி போலி என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேஸ் திரும்ப ஒட்டப்பட்டிருக்கும், தம்பி சிறையில் இருந்திருப்பான். சிறை என்றால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று இன்றைக்கும் படுத்தபடி யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் வாசலில் இரண்டு நிமிஷம் பேச விட்டார்கள். சயாமாவுக்குக் காட்டிய மரியாதை. தம்பியின் சட்டையில் முந்தின நாள் ரசம் காய்ந்து கிடந்தது.

"அந்த ஆள் ரொம்ப சந்தோஷமா இருக்கானே, என்னக்கா சொன்னே?"

"அவன் துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு சொன்னேன்."

"நல்லதா?"

"குப்பை."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, என்னால ஒரு கோழியைக்கூட அறுக்க முடியாது. பண்ணையில அந்த வேலை வந்தா வேற ஆளைத்தான் கூப்பிடுவேன்" என்றான். "தெரியும்டா" என்றேன்.  அவன் லாரியில் ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. "உன் குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகலை. பூஜை கலையலை. உன் புள்ளையைத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். பெற்றவளிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். பேசினேன். தினமும் ஏதாவது ஒரு சாக்கில் பேசினேன். சோறு குழைந்தால் பேசினேன், விளக்கு ஏற்றினால் பேசினேன். அவள் ஒரு நாளும் திருப்பிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வியாபாரி வேலை தாமதம் ஏன் என்று கேட்டிருந்தார். நடந்ததை எழுதினேன். மிகவும் வருந்துகிறேன், உங்கள் குடும்பத்துக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, முக்கோண முத்திரை போட்ட அந்த இரண்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று இருந்தது. எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அச்சுப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

பயிற்சி முடிந்ததும் தம்பி ஒரு தடவை போனில் பேசினான். வடக்கே அனுப்புகிறார்கள் என்றான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அங்கே நன்றாகச் சுடுகிறேன் என்று பாராட்டினார்கள் என்றான், அதிகாரி என்னிடம் சொன்னது பலித்துவிட்டது. அதைச் சொன்னபோது அவன் குரல் யாருடைய குரலோ மாதிரி இருந்தது. அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டாள். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரை ஒரு சேதியும் இல்லை.

மாசங்கள் போய்க் காளியம்மன் திருவிழா வந்தது. திருவிழா முடிந்த மறுநாள் காலை அந்த மூன்று வீடு தள்ளி இருக்கிறவள் வாசலில் வந்து நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் மூடி போட்ட தட்டு. மகனுக்குச் சீட்டு விழுந்த அன்று அவனைக் காப்பாற்றிக் கொடுத்தால் தீ மிதிக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். மகன் மிதித்துவிட்டானாம். காலில் ஒரு கொப்புளம்கூட இல்லையாம்.

"காளியம்மா கண்ணைத் திறந்துட்டா, மதினி. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லித் தட்டை நீட்டினாள். சர்க்கரைப் பொங்கல். அவள் கெட்டவள் இல்லை. அன்றைக்கு எங்களுக்குச் சேதி சொல்ல ஓடி வந்தவள் அவள்தான். ஆனால் சந்தோஷம் ஒருத்தியின் கண்ணை எவ்வளவு நன்றாகக் கட்டிவிடுகிறது பாருங்கள்.

"யாரோட தலைப்பாகை அது?" என்று கேட்டேன். "அடுத்த குலுக்கல் எப்பன்னு விசாரிச்சியா? உன் மகனுக்கு இன்னும் வயசு இருக்கு. காளியம்மா எத்தனை தடவை கண்ணைத் திறப்பான்னு பார்க்கலாம்."

அவள் முகம் வெளுத்தது. எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருந்தது.  அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உன் புள்ள நல்லா இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும்" என்றாள். வந்தவள் அழுதுகொண்டே போனாள்.

அம்மா தட்டோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். தம்பி போன நாளிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன் புள்ளையைக் கொடுத்து அவ புள்ளை தப்பிச்சிருக்கு. அதுக்குப் பொங்கல். உனக்கு அது தொண்டையில இறங்குதா?"

அத்தனை மாசத்தில் முதல் தடவையாக அம்மா எனக்குப் பதில் சொன்னாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கொள்ளி வைக்க அவன் வரப் போறதில்லை. என்னைத் தூக்கவாவது இந்தச் சந்துல ஒரு ஆம்பளப் புள்ள வேணாமாடி?"

சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டாள்.